கேஸ் ஷீட்டில் ஏறாத கேள்விகள்

முள்ளூரில் புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது 2017 ஜூன் மாதத்தில். ஆண்டுக்கு 150 பேர் எம்.பி.பி.எஸ். சேர்கிறார்கள். அதுவரை அறந்தாங்கிப் பக்கத்தில் ஒருவருக்குத் தலையில் பலத்த அடி பட்டால் ஆம்புலன்ஸ் தஞ்சாவூருக்கோ திருச்சிக்கோ மதுரைக்கோ ஓடும். டாக்டருக்குப் படிக்க ஆசைப்பட்ட பிள்ளைகளும் அதே சாலைகளில்தான் போனார்கள். மாவட்டம் உருவானது 1974-ல். மருத்துவக் கல்லூரி வர 43 ஆண்டுகள் ஆயின.

அந்த வழியில் முன்னால் போனவர்களில் ஒருவரைத் தமிழ்நாடு முழுக்கத் தெரியும். 1886-ல் புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் பிறந்த முத்துலட்சுமி, ஆண்கள் மட்டுமே படித்த மகாராஜா கல்லூரியில் எதிர்ப்பைத் தாண்டிச் சேர்ந்தார். 1907-ல் சென்னை மருத்துவக் கல்லூரிக்குப் போனார். புதுக்கோட்டைக்கு ரயில் வந்ததே 1929-ல்தான் என்பதை நினைத்துக்கொண்டால், அந்தப் பயணத்தின் தூரம் விளங்கும். 1912-ல் பட்டம் பெற்றார். சட்டமன்றம், தேவதாசி ஒழிப்பு, அவ்வை இல்லம் என்று அவர் செய்தவற்றைப் பாடப்புத்தகங்கள் சொல்கின்றன. அவருடைய மருத்துவ வாழ்வில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. 1923-ல் அவருடைய தங்கை புற்றுநோயால் இறந்தார். டாக்டராக இருந்தும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர ஒன்றும் செய்ய முடியவில்லை. 1935-ல் சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழாவில், புற்றுநோய்க்கென ஒரு மருத்துவமனை வேண்டும் என்ற விருப்பத்தை வெளியிட்டார். 1952-ல் நேரு அடிக்கல் நாட்டினார். 1954-ல் அடையாற்றில் 12 படுக்கைகளோடு கதவு திறந்தது. தங்கையின் கட்டிலருகே எழுந்த கேள்வி ஒரு நிறுவனமாக 31 ஆண்டுகள் பிடித்தன.

மருத்துவமனையோடு அது நின்றிருந்தால் இந்தக் கட்டுரையில் அதற்கு இடமில்லை. அடையாறு எண்ணத் தொடங்கியது. யாருக்கு, எந்த வயதில், எந்த உறுப்பில் நோய் வந்தது, எத்தனை ஆண்டு பிழைத்தார் என்று ஒவ்வொருவரையும் தொடர்ந்து எழுதிவைத்தது. 1980-களின் தொடக்கத்திலிருந்து சென்னை நகரத்துக்கே ஒரு புற்றுநோய்ப் பதிவேட்டை நடத்தியது. முத்துலட்சுமியின் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1955-ல் வந்து சேர்ந்த டாக்டர் வி. சாந்தாவும் அதன் இரு தூண்கள். குழந்தைகளின் ரத்தப் புற்றுநோயில் நடந்ததை மட்டும் சொல்கிறேன். 1984-ல் அடையாறு, மும்பை டாட்டா நினைவு மருத்துவமனை, டெல்லி எய்ம்ஸ் ஆகிய மூன்றும் ஒரே சிகிச்சை முறையைக் கையாளத் தொடங்கின. எம்.சி.பி. 841 என்பது அதன் பெயர். எந்த மருந்து, எந்த வாரம், எவ்வளவு என்பது மூன்று ஊரிலும் ஒன்றே. அதற்கு முன் நோய் திரும்பாமல் பிழைத்திருந்த பிள்ளைகள் நூற்றுக்கு இருபதுக்கும் குறைவு. நான்காண்டு முடிவில் அது 45 முதல் 60 வரை உயர்ந்தது. புதிதாக எவரும் ஒரு மருந்தைக் கண்டுபிடித்துவிடவில்லை. இருந்த மருந்துகளை ஒழுங்காக, ஒரே மாதிரியாகக் கொடுத்தார்கள். தொற்று வந்தால் கவனித்தார்கள். விளைவை மறைக்காமல் எழுதினார்கள்.

ஆராய்ச்சி என்றதும் நம் மனதில் எழுவது வெள்ளைக் கோட்டும் சோதனைக் குழாயும். நோயாளிக் கட்டிலில் நடக்கும் ஆராய்ச்சிக்குச் சோதனைக் குழாய் கட்டாயமில்லை. இரண்டு சிகிச்சைகளில் எது நல்லது, யார் பிழைக்கிறார், யார் ஏன் தாமதமாக வந்து சேர்கிறார் என்ற கேள்விகளுக்கு வேண்டிய கருவி கேஸ் ஷீட்தான். அது ஒவ்வொரு மாவட்ட மருத்துவமனையிலும் கட்டுக்கட்டாகக் கிடக்கிறது. அதில் கேள்வி மட்டும் இருப்பதில்லை.

சென்னையில் 1956-ல் நடந்தது நினைவுக்கு வருகிறது. அந்தக் காலத்தில் காசநோய் என்றால் சானடோரியம். நல்ல காற்று, பால், முட்டை, மாதக்கணக்கில் படுக்கை, கவனிக்க நர்ஸ். நாட்டில் இருந்த நோயாளிகளோ லட்சக்கணக்கில். சானடோரியப் படுக்கைகளோ மிகக் குறைவு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் குழு நான்கும் சேர்ந்து சேத்துப்பட்டில் ஒரு மையத்தைத் தொடங்கின. வாலஸ் ஃபாக்ஸ் தலைமையில் அங்கே கேட்கப்பட்ட கேள்வியை ஒரு ரிக்‌ஷாக்காரர்கூடக் கேட்டிருப்பார்: வீட்டிலேயே இருந்து மாத்திரை சாப்பிட்டால் போதாதா?

193 நோயாளிகளைச் சீட்டுக் குலுக்கிப் போட்டதுபோல இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவு சானடோரியத்தில். இன்னொன்று நெரிசலான வீட்டில், கிடைத்த சோற்றோடு. இரண்டு பிரிவுக்கும் ஒரே மருந்து, ஓராண்டு. முடிவில் சளியில் கிருமி அடங்கியவர்கள் சானடோரியத்தில் 92 விழுக்காடு, வீட்டில் 86. சாப்பாட்டிலும் ஓய்விலும் அவ்வளவு பின்தங்கியிருந்தும் வித்தியாசம் இவ்வளவுதான். வீட்டில் இருந்தவரால் குடும்பத்தாருக்குக் கூடுதலாக நோய் பரவிவிடவும் இல்லை. 1959-ல் இது வெளியானபோது உலகம் முழுக்கச் சானடோரியங்களின் காலம் முடியத் தொடங்கியது. சேத்துப்பட்டு மையம் பிறகு தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக வளர்ந்தது. மருந்தைக் கண்ணெதிரே விழுங்கவைப்பது, வாரம் இருமுறை கொடுத்தாலும் பலிக்குமா என்று பார்ப்பது போன்றவையும் அங்கே சோதிக்கப்பட்டவைதான்.

கதை அங்கே முடியவில்லை என்பதைத்தான் மருத்துவ மாணவர்களுக்கு முதலில் சொல்லித்தர வேண்டும் என்று நினைக்கிறேன். சென்னை முடிவைப் படித்தவர்கள் கொஞ்சம் அவசரப்பட்டு, 'மருந்து இருந்தால் போதும், சாப்பாடு முக்கியமில்லை' என்று எடுத்துக்கொண்டார்கள். அரைநூற்றாண்டுக்கு மேல் அந்த எண்ணம் ஆட்சி செய்தது. 2019-ல் ஜார்க்கண்டின் நான்கு மாவட்டங்களில் அனுராக் பார்கவாவும் மாதவி பார்கவாவும் சென்னைக் காசநோய் நிறுவனத்தோடு சேர்ந்து ஓர் ஆய்வைத் தொடங்கினார்கள். 2,800 நோயாளிகள், அவர்கள் வீட்டில் இருந்த 10,345 பேர். நோயாளிகள் எல்லோருக்கும் மாதாமாதம் உணவுப் பொருள் கிடைத்தது. ஒரு பிரிவில் வீட்டில் மற்றவர்களுக்கும் கொடுத்தார்கள்; மறுபிரிவில் கொடுக்கவில்லை. அரிசி, பருப்பு போன்றவையும் சத்து மாத்திரையும், அவ்வளவுதான். உணவு பெற்ற வீட்டாரிடையே புதிதாகக் காசநோய் வருவது 39 விழுக்காடு குறைந்தது. பரவக்கூடிய நுரையீரல் காசநோயை மட்டும் பார்த்தால் 48 விழுக்காடு. 2023-ல் முடிவு வெளியானது. 1956-ல் கேட்டது நோயாளி குணமாவாரா என்று; 2019-ல் கேட்டது பக்கத்தில் படுத்திருப்பவருக்கு வருமா என்று. இரண்டு பதில்களும் சரி. முதல் பதிலை இரண்டாம் கேள்விக்கும் பொருத்தியதுதான் தவறு.

இது புதுக்கோட்டைக்கு எப்படி வந்து சேருகிறது? 2022-ல் 'காசநோய் இறப்பில்லாத் திட்டம்' சென்னை நீங்கலாக மற்ற மாவட்டங்களில் தொடங்கியது. காசநோயால் இறப்பவர்களில் பெரும்பாலோர் சிகிச்சை தொடங்கிய முதல் இரண்டு மாதங்களுக்குள் இறக்கிறார்கள். அதனால் நோய் உறுதியான அன்றே எடை, உயரம், கால் வீக்கம், மூச்சின் வேகம், விரலில் மாட்டும் கருவி காட்டும் ஆக்ஸிஜன், பிடிமானமின்றி நிற்க முடிகிறதா ஆகியவற்றை மட்டும் பார்த்து, ஆபத்தில் இருப்பவரைப் படுக்கையில் சேர்த்துவிட வேண்டும். எக்ஸ்ரே வேண்டாம், பரிசோதனைக் கூடம் வேண்டாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் எடை எந்திரமும் அந்த விரல் கருவியும் ஒழுங்காக வேலை செய்தால் போதும். 1959-ல் வீட்டுக்கு அனுப்பலாம் என்று கண்டுபிடித்த தமிழ்நாடு, யாரை அனுப்பக்கூடாது என்று 2022-ல் வரையறுத்திருக்கிறது.

சென்னையில் நடந்தால் நடக்கும், மாவட்டத் தலைநகரில் எங்கே நடக்கும் என்பவர்களுக்குப் பாக் நீரிணைக்கு அந்தப் பக்கம் பதில் இருக்கிறது. மணமேல்குடிக் கடற்கரையிலிருந்து பார்த்தால் சென்னையைவிட இலங்கை கிட்டம். அந்த நாட்டின் வட மத்தியில் இருக்கும் அனுராதபுரம் நம் மாவட்டம் போலவே ஏரிப்பாசன நாடு; நெல், பூச்சிமருந்து, மஞ்சள் அரளி, விரியன் எல்லாம் உண்டு. 1980-களிலிருந்து அங்கே வார்டுகள் விஷமருந்தியவர்களால் நிரம்பின. மஞ்சள் அரளிக்கு மருத்துவக் கரித்தூள் திரும்பத்திரும்பக் கொடுத்தால் பலன் உண்டா என்று இலங்கையில் 401 பேரிடம் சோதித்தார்கள். திரும்பத்திரும்பக் கரித்தூள் பெற்றவர்களில் 2.5 விழுக்காடு இறந்தனர், அப்படிப் பெறாதவர்களில் 8 விழுக்காடு. 2003-ல் லான்செட் இதழ் வெளியிட்டது. பெரிய கண்டுபிடிப்பு என்று எவரும் கைதட்டியிருப்பார்கள்.

விஷயம் அதோடு நிற்கவில்லை. மைக்கேல் எடில்ஸ்டனும் இலங்கை மருத்துவர்களும் மூன்று மருத்துவமனைகளில், அரளியோடு பூச்சிமருந்து குடித்தவர்களையும் சேர்த்து, 4,632 பேரிடம் மறுபடி சோதித்தார்கள். 2008-ல் வந்த முடிவு: பலமுறை கரித்தூள் பெற்றவர்களில் இறப்பு 6.3 விழுக்காடு, ஒன்றும் பெறாதவர்களில் 6.8. சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. முதல் ஆய்வு பொய் என்று இதற்குப் பொருளில்லை. நானூறு பேரை வைத்து வந்த நம்பிக்கையை நாலாயிரம் பேர் தாங்கிப்பிடிக்கவில்லை. இந்த இரண்டு ஆய்வுகளையும் அருகருகே வைத்து ஒரு மணிநேரம் பாடம் எடுத்தால், ஒரு பருவம் முழுக்கப் புள்ளியியல் நடத்தியதற்குச் சமம். வார்டில் சிகிச்சையைத் தேடிக்கொண்டிருந்தபோதே, இலங்கை அரசு 1995 முதல் கொடிய பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாகத் தடைசெய்தது. தற்கொலை விகிதம் பாதிக்கும் கீழே இறங்கியது. எந்த மருந்துப் புட்டி எத்தனை உயிரைக் கொண்டுபோகிறது என்று எண்ணிச் சொன்ன கேஸ் ஷீட்டுகள், தடை வேண்டும் என்றவர்களுக்குத் துணை நின்றன.

இனி நம் ஊர். தமிழ்நாட்டில் அதிகமான வாடிவாசல்கள் திறப்பது புதுக்கோட்டை மாவட்டத்தில். ஆண்டின் முதல் ஜல்லிக்கட்டு பெரும்பாலும் கந்தர்வகோட்டை பக்கத்துத் தச்சங்குறிச்சியில்தான். ஜனவரி தொடங்கி மே வரை மாட்டின் கொம்பு பட்டவர்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். கொம்புக் காயத்தின் குணம் தனி. வெளியே ஓர் அங்குலத் துளை இருக்கும். உள்ளே சதையைப் பிளந்துகொண்டு எதுவரை போயிருக்கிறது என்பது வெளியே தெரியாது. தைத்து அனுப்பிவிட்டால் உள்ளே சீழ் வைக்கும். உலகில் இந்தக் காயத்தைப் பற்றி அதிகம் எழுதியவர்கள் ஸ்பெயின்காரர்களும் மெக்சிகோக்காரர்களும். அங்கே காளைச் சண்டை அரங்கில் காளையோடு மோதுவது தொழில்முறை வீரன். நம்மூரில் மாடுபிடி வீரர் ஒருபுறம் இருக்க, காளையை அவிழ்த்துவிட்டவர், அது ஓடி வெளியேறும் இடத்தில் கயிற்றோடு காத்திருந்தவர், வேடிக்கை பார்க்க நின்ற பெரியவர் எல்லோரும் குத்துப்படுகிறார்கள். இவர்களில் யார் அதிகம்? தடுப்புக்குள்ளா வெளியிலா? எத்தனை நிமிடத்தில் அறுவை அரங்கை அடைந்தார்கள்? ஐந்து பருவத்துக் கேஸ் ஷீட்டுகள் இதற்குப் பதில் சொல்லும். தடுப்புவேலியை எங்கே போடுவது என்று கலெக்டர் அலுவலகம் முடிவுசெய்யவும் அது பயன்படும்.

பாம்புக்கடியும் அப்படித்தான். 2024-ல் தமிழ்நாடு அரசு அதை அறிவிக்கவேண்டிய நோயாக்கியது; அரசோ தனியாரோ எந்த மருத்துவமனைக்கு வந்தாலும் கணக்கு காட்டவேண்டும். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்கின் விஷத்துக்கும் ஒரே முறிவு மருந்து. அதற்கான விஷத்தைப் பெரும்பாலும் எடுத்துத் தருபவர்கள் செங்கல்பட்டு மாவட்டம் வடநெம்மேலியில் இருக்கும் இருளர் கூட்டுறவுச் சங்கத்தார். ஆனால் ஒரே இனப் பாம்பின் விஷமும் வட்டாரத்துக்கு வட்டாரம் மாறுகிறது. ஆலங்குடிப் பூந்தோட்டத்தில் கடித்த விரியனுக்கு எத்தனை குப்பி மருந்து தேவைப்பட்டது என்பதை ஆலங்குடிக்காரரைப் பார்த்த மருத்துவமனைதான் சொல்ல முடியும்.

மருத்துவக் கல்வியைப் பற்றிய ஆராய்ச்சிக்கும் முள்ளூர் நல்ல இடம். 2019-ல் நாடு முழுக்க எம்.பி.பி.எஸ். பாடத்திட்டம் மாறியது. 'இவ்வளவு மணிநேரம் கேட்டார்' என்பது போய், 'இதைச் செய்யத் தெரிகிறதா' என்பதைப் பார்க்கும் முறை வந்தது. நோயாளியிடம் பேசும் விதமும் அறமும் பாடமாயின. இங்கே 2017, 2018-ல் சேர்ந்தவர்கள் பழைய முறை. 2019 முதல் புதியது. ஒரே வளாகம், பெரும்பாலும் அதே ஆசிரியர்கள், இரண்டு பாடத்திட்டம். நடுவில் கொரோனா புகுந்து கணக்கைக் குழப்பியது உண்மை. இருந்தாலும் ஒப்பிட்டுப் பார்க்க இப்படியொரு வாய்ப்பு எளிதில் அமையாது. 2020-ல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு வந்தது. தமிழ்வழியில் படித்துவந்த பிள்ளை உடற்கூறியல் வகுப்பில் எங்கே தடுமாறுகிறது, எந்த மாதத்தில் நிமிர்கிறது, எது உதவியது என்று பார்த்து எழுதவேண்டியவர்கள் அந்த வகுப்பை எடுப்பவர்கள்தான்.

அந்தப் பிள்ளையிடம் மற்றவர்களிடம் இல்லாத ஒரு சொத்து இருக்கிறது. புறநோயாளிப் பிரிவில் ஒரு அம்மா வந்து 'கிறுகிறுங்குது' என்கிறார். அடுத்தவர் 'தலை சுத்துது' என்கிறார். இன்னொருவர் 'கண்ணு இருட்டிக்கிட்டு வருது' என்கிறார். மூன்றும் கேஸ் ஷீட்டில் ஒரே ஆங்கிலச் சொல்லாக, கிட்டினஸ் என்று ஏறுகின்றன. காதிலிருந்து வருவது, ரத்த அழுத்தம் இறங்குவதால் வருவது, ரத்தசோகையால் வருவது என்று நோயாளி ஒருவேளை தன் சொல்லிலேயே பிரித்துவைத்திருக்கலாம். எழுதும் கை அதைக் கலைத்துவிடுகிறது. குடைச்சல், உளைச்சல், மதமதப்பு, குத்தல், கடுப்பு எல்லாவற்றுக்கும் பெயின் என்று ஒரே சொல்! புதுக்கோட்டைக்காரர் 'மதமதங்குது' என்றால் நரம்புக் கோளாறு இருக்கும் வாய்ப்பு எவ்வளவு என்று ஒருவர் பார்க்கலாம். நோயாளியின் சொல்லை அப்படியே தமிழில் எழுதிக்கொண்டு பரிசோதனை முடிவோடு ஒத்துப்பார்த்தால் ஆயிற்று. செலவு பேனா மட்டும். யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷன் டாக்டர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் 1860-களிலிருந்து தமிழிலேயே மேனாட்டு மருத்துவம் கற்பித்து, 'இரண வைத்தியம்', 'மனுஷ அங்காதிபாதம்' என்று பாடநூல்களும் கொண்டுவந்தார். வெளியூர்க்காரருக்கு அன்று தோன்றியது நம் கேஸ் ஷீட்டுகளை இன்னும் எட்டவில்லை.

ஆராய்ச்சிக்கு விதிகளே இல்லை என்று சொல்ல முடியாது, விதிகள் ஏராளம். முதுநிலை மாணவர் ஆய்வேடு சமர்ப்பித்தாக வேண்டும். ஆராய்ச்சி முறைகள் பற்றிய ஆன்லைன் படிப்பையும் முடிக்க வேண்டும். மாவட்ட மருத்துவமனைகளில் மூன்று மாதம் பணியாற்ற வேண்டும். ஆசிரியர்களுக்குப் பதவி உயர்வு வேண்டுமென்றால் கட்டுரை வெளியிட்டிருக்க வேண்டும். இளநிலை மாணவர்கள் விடுமுறையில் இரண்டு மாத ஆய்வு செய்ய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1979 முதலே உதவித்தொகை தருகிறது. இவ்வளவும் இருந்து விளைவது என்ன? பணம் கட்டினால் போட்டுவிடும் இதழ்கள், வேறொரு கல்லூரியில் ஏற்கெனவே செய்த தலைப்பு, நூலகத்தில் தூங்கும் ஆய்வேடு. எண்ணிக்கையைக் கேட்டால் எண்ணிக்கைதான் கிடைக்கும். பதவி உயர்வுக்கு இரண்டு கட்டுரை கேட்பதற்குப் பதில், இந்த மாவட்டத்தில் எந்த நோயாளிக்கு உங்கள் கட்டுரையால் சிகிச்சை மாறியது என்று ஒரு வரி எழுதித்தரச் சொல்லலாம். நிறையப் பேருக்கு அது சிரமமாக இருக்கும்.

நோயாளியை எண்ணாக மட்டும் பார்க்கும் ஆபத்தும் உண்டு. 2009-ல் அன்றைய ஆந்திராவின் கம்மம் மாவட்டத்தில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசியை ஓர் ஆய்வுத் திட்டத்தின் பேரில் சிறுமிகளுக்குப் போட்டபோது, பல ஒப்புதல் படிவங்களில் பெற்றோருக்குப் பதில் விடுதிக் காப்பாளர்கள் கையெழுத்திட்டிருந்தார்கள். 2010-ல் திட்டம் நிறுத்தப்பட்டது. தடுப்பூசி நல்லதுதான், கேட்காமல் போட்டதுதான் குற்றம். 'சும்மா ஒரு கையெழுத்துப் போடும்மா' என்று நீட்டப்படும் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்பதைத் தமிழில், உட்காரவைத்து, கேள்வி கேட்க விட்டுச் சொல்லத் தெரிந்தவருக்குத்தான் ஆராய்ச்சி செய்யும் உரிமை.

ஜனவரியில் தச்சங்குறிச்சியில் வாடிவாசல் திறக்கும். மருத்துவக் குழுவோடு அங்கே போகும் பயிற்சி மருத்துவர் யாராவது இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். நாற்பது பக்க நோட்டு ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள். காயம் பட்டவர் எங்கே நின்றிருந்தார், எத்தனை மணிக்குக் குத்துப்பட்டார், எத்தனை மணிக்கு உங்களிடம் வந்தார், பத்து நாள் கழித்து எப்படி இருக்கிறார். நான்கு பத்தி போட்டால் போதும்.